மடிவாளா சிக்னலில் ஒரு தேர்தல் கமிஷனர்

நாற்பத்தொன்பதாவது வயதில், ஓடுகிற பேருந்துக்குள் ஐந்து நாள் தொடர்ந்து குடை விரித்து உட்கார்ந்திருந்தவன் நான். கூரை ஒழுகவில்லை. மழைக்காலமும் இல்லை. தொம்மலூரில் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்வரை, பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் கம்பி குத்திவிடாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய சிந்தனையில் இருப்பவன்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன். மூன்றாம் நாள் டிரைவர் நஞ்சுண்டா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "சார், ஒளகடெ மளெ பரல்ல" என்றார். உள்ளே மழை பெய்யாது என்ற தகவலைக் கன்னடத்தில், நோயாளியிடம் பேசும் மருத்துவரின் பொறுமையோடு சொன்னார்.

செய்தி எப்படியோ வீட்டுக்கும் எட்டியது. "வெயில்ல போகும்போது எடுத்துட்டுப் போங்கன்னா கேக்கறதில்ல. ஏசி பஸ்ல விரிக்கிறீங்களா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமென்றால் கமிஷனரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் ஒரு மனிதனுக்குச் சின்னம் ஒதுக்கும் அதிகாரம் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று டெல்லியில். இன்னொன்று எங்கள் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். டெல்லிக்கு மனு போட்டால் பதிலாவது வரும்.

கமிஷனருக்கு வேறு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் போட்டிருப்பார்கள். ஆனால் அட்டையை அவர் எப்போதும் திருப்பி மாட்டிக்கொள்வார். ஆபீஸில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கவுண்டர், அதற்குப் பின்னால் பேனா, காகிதம், மவுஸ், ஹெட்செட் எல்லாம் அடைத்த அலமாரிகள். ஸ்டேப்ளர் பின் கேட்டுப் போனால், "போன மாசம் குடுத்ததை எங்க சார் குத்துனீங்க?" என்பார். கோலார் தங்கவயல்காரர். தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்கள். சுரங்கம் மூடியபிறகு, தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பஸ்ஸைப் பிடிப்பார். ஆளுக்கு அடியில் புதைந்து கிடப்பதைத் தோண்டி வெளியே எடுப்பது அவருக்குப் பரம்பரையாக வந்திருக்க வேண்டும்.

அவர் சின்னம் வரைவது விசிட்டிங் கார்டில். எங்கள் தொழிலில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததும் இருநூறு கார்டு அடித்துக் கொடுப்பார்கள். பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அப்படிப் போனவர்களின் பெட்டிகள் ஸ்டோர்ஸில் மலைபோல் சேர்ந்தன. முன்பக்கம் பெயரும் பெரிய பதவியும். பின்பக்கம் வழவழப்பான வெள்ளை. அந்த வெள்ளையில் கறுப்பு ஜெல் பேனாவால், வாக்குச்சீட்டில் இருப்பதுபோல அழுத்தமான கோட்டில், ஒரே ஒரு பொருளை வரைவார். பஸ் குலுங்கும்போது பேனாவைத் தூக்கிவிடுவார், நின்றதும் வைப்பார். பெங்களூர் போக்குவரத்தால் பயன்பெற்ற ஒரே கலை இது.

ஆரம்பித்தது ஒரு ஆரஞ்சுத் தோலில். சம்பளப் பட்டியல் பிரிவில் ஹேமா என்றொரு பெண். தினமும் காலையில் பஸ்ஸில் ஆரஞ்சு உரிப்பார். தோல் அறாமல் ஒரே சுருளாக வரும். அப்படி வருவது அவருக்கே தெரியாது. வாய் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும், கை உரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் காலை அவர் சீட்டின் தலைசாய்க்கும் துணியில் ஒரு கார்டு செருகியிருந்தது. படத்தில் சுருண்டு தொங்கும் ஆரஞ்சுத் தோல். கீழே: "ஹேமா. சின்னம்: சுருள் தோல்."

அன்று பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. மறுநாள் பின்வரிசையில் ஒருவருக்கு 'வாய் கட்டாத பை'. அடுத்த வாரம் இன்னொருவருக்கு 'ஒற்றைச் செருப்பு' (மற்ற செருப்பு எப்போதும் சீட்டுக்கு அடியில் உருண்டு போயிருக்கும்). நஞ்சுண்டாவுக்கு 'எலுமிச்சம்பழம்' என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். வந்தது 'பாதி டீ'. ஆறு வருடத்தில் அவர் ஒரு டீயையும் முழுசாகக் குடித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

சட்டதிட்டங்கள் கடுமையானவை. கேட்டால் கிடைக்காது. முகம் வரையப்படாது. உயிருள்ள எதுவும் சின்னமாகாது. ஒதுக்கியதை மாற்ற முடியாது, ஆனால் மேல்முறையீடு உண்டு. விசாரணை மடிவாளா சிக்னலில் மட்டும். ஏனென்றால் அங்கேதான் வாதம், பிரதிவாதம், சாட்சி, தீர்ப்பு எல்லாம் முடிந்த பிறகும் பஸ் அதே இடத்தில் நிற்கும்.

முதல் மேல்முறையீடு சேலத்து முரளியுடையது. முரளி டீம் லீட். அவருக்கு வந்த சின்னம் 'பாதி ஏறிய ஷட்டர்'.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று முரளி கார்டோடு எழுந்தார்.

"நீங்க தூங்கச்சே வாய் அப்டிதான் சார் நிக்குது. முழுசா மூடறதும் இல்ல, தொறக்கறதும் இல்ல."

"நான் பஸ்ல தூங்கறதே இல்லீங்க! கண்ணை மூடிட்டு யோசிப்பேன். நாளைக்கு ரிலீஸ்!"

கமிஷனர் திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். "சார் தூங்கி பாத்தவங்க கை தூக்குங்க."

முப்பத்தாறு கைகள். ஸ்டியரிங்கிலிருந்து நஞ்சுண்டாவின் ஒரு கையையும் சேர்த்து.

"மனு தள்ளுபடி சார். குந்துங்க."

முரளி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வாட்ஸப்பில் தன் படத்தை எடுத்துவிட்டு ஷட்டரை வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவர் டீமுக்கே டி-ஷர்ட்டில் ஷட்டர் அடித்தாகிவிட்டது.

காதல் ஜோடி ஒன்று இருந்தது. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு வருவார்கள். இருவருக்குமாக ஒரே கார்டில் 'இரட்டைக் காது வயர்' ஒதுக்கப்பட்டது. நான்கு மாதத்தில் சண்டை. அவன் முதல் வரிசைக்குப் போனான், அவள் கடைசி வரிசைக்கு. கார்டு தனக்குத்தான் என்று இருவரும் வந்து நின்றார்கள். கமிஷனர் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கட்சி ஒடஞ்சா சின்னம் முடக்கம். சேர்ந்து வந்து கேளுங்க." அந்தச் சின்னத்துக்காகத்தான் சேர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இயர்போன் இருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் அதைத் திருநாமம் என்று நினைத்து, நாம் எப்போது வைஷ்ணவர்களானோம் என்று கேட்டாராம்.

இப்படி நாற்பது சீட்டில் முப்பத்தொன்பதுக்குச் சின்னம் வந்துவிட்டது. எஞ்சிய ஒரு சீட் நான்காவது வரிசை ஜன்னலோரம், கமிஷனருக்கு நேர் பின்னால். அதாவது நான்.

இது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லியாக வேண்டும். பகலில் நான் மென்பொருள் கையேடு எழுதுகிறவன். ஆனால் வார இறுதியில் பத்திரிகைக்கு வேடிக்கை மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன். ஊரில் உள்ளவர்களின் கோணல்களைப் பட்டியல் போடுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு கோணல்கூட இல்லை என்று ஒரு ஸ்டோர்ஸ்காரர் தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்? நேற்று சேர்ந்த பயிற்சி ஊழியருக்கு 'எதிர்ப்பக்கம் திறக்கும் பாட்டில் மூடி'. எனக்கு ஒன்றுமில்லை.

அதனால்தான் குடை. குடையில் காரியம் கனியவில்லை என்றதும் விசிறி. விசிறிக்குப் பிறகு, மடியில் ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பில் தண்ணீர் இருந்தது, மேம்பாலம் ஏறும்போது என் பேண்டில் இருந்தது. ஒரு வாரம் தடிமனான அகராதி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன். "சார், புக்கு உல்டா" என்று நஞ்சுண்டாவே சொல்லிவிட்டார். கமிஷனர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லஞ்சத்துக்கும் இறங்கினேன். ஜப்பானில் செய்த பிரஷ் பேனா பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டியை ஆன்லைனில் வாங்கி, "சும்மா, உங்களுக்காக" என்று நீட்டினேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் கேண்டீன்காரர் தோசை விலையைக் கத்தரிப்பூ நிறத்தில் அழகாக எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஸ்டோர்ஸில் கொடுத்ததாம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, மடிவாளாவில் பஸ் நின்றதும் அவர் சீட்டின் மேல் எட்டிக் கேட்டேன். "கமிஷனரே, என் விஷயம் என்ன ஆச்சு?"

"நிலுவையில கீது சார்."

"ரெண்டு வருஷமாவா?"

"சிலதுக்கு டைம் ஆவும் சார்."

"நான் குடை பிடிச்சேன், சொம்பு வச்சேன், அகராதி படிச்சேன்..."

கமிஷனர் பேனாவை மூடினார். "அதெல்லாம் நீங்க தெரிஞ்சி பண்றது சார். சின்னம்னா, ஆளு தனக்கே தெரியாம பண்றது. ஹேமா மேடம் ஆரஞ்சு உரிக்கச்சே யாருக்குனா காட்டவா உரிக்கிறாங்க?"

முன்பக்கம் ஹேமா, உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சோடு திரும்பிப் பார்த்தார். தோல் அறுந்து விழுந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அறுந்தது. "பாத்தீங்களா, சும்னே நியாபகப்படுத்திட்டோம்" என்று கமிஷனர் வருத்தப்பட்டார்.

ஆயுத பூஜையன்று காயம் முற்றியது. அந்த வருடம் பஸ் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. ஏசியை எத்தனையில் வைப்பது, எந்தப் பாட்டு ஓடுவது என்பதெல்லாம் அவர் கையில். கமிஷனர் நாற்பது வாக்குச்சீட்டுகளையும் கையாலேயே வரைந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு சீட்டிலும் எல்லாச் சின்னங்களும், தபால்தலை அளவில், அச்சுப்போல. வீட்டில் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. அதை மடிக்க மனமில்லாமல் பலர் வாக்களிக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

நானும் போட்டியிட்டேன். பட்டியலின் கடைசியில் என் பெயருக்கு எதிரே வெறும் கட்டம். முரளி பன்னிரண்டு வாக்கில் வென்றார். எனக்குப் பூஜ்யம். என் வாக்கையே நான் எனக்குப் போடவில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்து, ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய் ஆரஞ்சுத் தோலுக்குக் குத்திவிட்டேன்.

போன மார்ச்சில் எங்கள் பிரிவுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். இனிமேல் கையேடுகளை இயந்திரமே எழுதும் என்றார்கள். நான் எழுதிய கையேடுகளைப் பதினேழு வருடமாக யாரும் படித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் அத்தனையையும் படித்துவிட்டதாம். என் முதல் வாசகர் அது. படித்து முடித்ததும் என்னை அனுப்பிவிட்டது.

கடைசி நாள் மாலை, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க ஸ்டோர்ஸ் கவுண்டருக்குப் போனேன். லேப்டாப், ஹெட்செட், இழுப்பறைச் சாவி. கமிஷனர் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார்.

"என்ன?"

"கார்டு பெட்டி, சார்."

இருநூறில் மூன்றுதான் செலவாகியிருந்தன. ஒன்றை ஒரு கல்யாண மண்டபத்தில் மொய்க் கவருக்குள் போட்டேன். ஒன்று ஆடுகிற மேஜையின் காலுக்குப் போயிற்று. மூன்றாவதை என் பர்ஸிலேயே வைத்திருந்தேன், நான் யார் என்று சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க. மிச்சத்தைக் கொடுத்தேன். நாளை முதல் என் பெயரின் முதுகில் வேறு யாராவது ஒருவருடைய சின்னம் இருக்கும். எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மாலை பஸ்ஸில் எல்லோரும் கைகொடுத்தார்கள். முரளி ஏசியை எனக்காக இருபத்திநாலில் வைத்தார். தலைவர் பதவிக்கு வந்தபிறகு அவர் செய்த முதல் நல்ல காரியம். கமிஷனர் மட்டும் ஏறியதிலிருந்து குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தார். வழக்கம்போல் பார்க்கலாம் என்று சீட்டின் மேல் கழுத்தை நீட்டினேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தோளால் மறைத்துக்கொண்டார். எனக்குச் சுரீர் என்றது. வேலையை விட்டு அனுப்பியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மடிவாளாவில் பஸ் நின்றது. யாரும் மனு போடவில்லை. மனிதர்கள் பேசாமல் இருக்கும்போது அந்த சிக்னல் எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத் தெரிந்தது.

தொம்மலூரில் இறங்கினேன். பஸ் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் கமிஷனர் படி வரைக்கும் வந்து நிற்கிறார், கையில் ஒரு கார்டு.

"நிலுவை தீந்திச்சி சார்."

வாங்கிப் பார்த்தேன். ஒரு பஸ் சீட்டின் முதுகு. அதன் மேல் விளிம்பில், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஒரு மூக்குக்கண்ணாடி. முகம் இல்லை, கண் இல்லை. வெறும் கண்ணாடி, இடது பக்கம் சற்றே சரிந்து. என்னுடையது இடது பக்கம் சரிந்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சின்னம்: எட்டிப் பார்க்கும் கண்ணாடி."

"நான் எட்டிப் பாத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் திரும்பவே இல்லையே?"

"சாயங்காலம் உள்ள லைட்டு போட்டா ஜன்னல் கண்ணாடில நல்லா தெரியும் சார். மொத வாரமே முடிவாயிடிச்சி."

"அப்புறம் ஏன்யா ரெண்டு வருஷம் இழுத்தீங்க?"

பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. நஞ்சுண்டா "பேக பேக" என்று அவசரப்படுத்தினார். கமிஷனர் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேப்ளர் பின் கணக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"குடுத்திருந்தா மறுநாளே எட்டிப் பாக்கறத நிறுத்தியிருப்பீங்க சார். எல்லாரும் அவங்கவங்க படத்த பாத்துக்கினாங்க. நான் வரையறத பாத்துகினு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

கதவு மூடிக்கொண்டது. கார்டைத் திருப்பினேன். முன்பக்கம் இருந்தது என் பெயர்.

அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எந்தப் பக்கத்தை வெளியே வைப்பது என்று அதிக நேரம் யோசிக்கவில்லை. பெயர் சுவரைப் பார்க்கிறது. இப்போதெல்லாம் ஏறிப் போக பஸ் இல்லை. ஆனாலும் காலை எட்டே காலுக்கு, கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரே ஒரு கறுப்புத் தலை குனிந்து வரைந்துகொண்டிருப்பதுபோல் கழுத்து தானாக நீள்கிறது.

போன வாரம் மேல்மாடி சுசீலா மேடம் தண்ணீர் லாரி விஷயமாக வந்தார். சட்டத்தின் முன் நின்று சற்று நேரம் பார்த்தார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. நான் கமிஷனரின் கதையை முதலிலிருந்து சொல்வதற்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"வேலை போச்சுன்னு கேள்விப்பட்டேன் சார், மனசுக்கு ரொம்ப பேஜாரா இருந்துச்சு" என்றார். "பரவால்ல, கண்ணாடிக் கடை வெச்சிட்டீங்களே! கார்டு சிம்பிளா நல்லா இருக்கு. போன் நம்பர் போட மறந்துட்டாங்க பாருங்க."